எம்இபி-803ஏ: ராணுவம் கழித்த ஜெனரேட்டருடன் இரண்டு ஆண்டுகள்

அமெரிக்க ராணுவம் பயன்படுத்திக் கழித்த எம்இபி-803ஏ என்னும் 10 கிலோவாட் டீசல் ஜெனரேட்டரை ஏலத்தில் எடுத்து, பழுது நீக்கி, வீட்டின் மாற்று மின்சாரத்துக்காக வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை பழைய இயந்திரத்தை நம்பலாமா என்று கேட்பவர்களுக்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நம்பலாம் என்பது என் முடிவு. இதன் வலிமையைக் கண்டு நான் அந்த முடிவுக்கு வரவில்லை. இதைத் திறந்து பார்க்க முடிகிறது, பார்த்தால் புரிகிறது என்பதால் வந்தேன். உள்ளே ஓடும் கம்பிகளின் மேல் எண்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. அந்த எண்ணைக் கையேட்டின் வயரிங் படத்தில் தேடினால், கம்பி எங்கே புறப்பட்டு எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடுகிறது. பட்டறை வசதி இல்லாத இடத்தில், கைவிளக்கு வெளிச்சத்தில், ஒரு படைவீரர் இதைச் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்ற எண்ணத்தோடு வடிவமைத்திருக்கிறார்கள்.

சத்தம் குறைந்த கள ஜெனரேட்டர்கள் என்று 1990-களில் ராணுவத்துக்கு வந்த வரிசையைச் சேர்ந்தது இது. நீரால் குளிரும் நான்கு சிலிண்டர் லிஸ்டர் பெட்டர் எல்பிடபிள்யூ4 எஞ்சின், 1.86 லிட்டர் கொள்ளளவு, நிமிடத்துக்கு 1800 சுற்று. இதே வரிசையில் இரண்டு சிலிண்டர் எஞ்சினோடு வரும் 5 கிலோவாட் செட் 802ஏ. இவற்றுக்கு முந்தைய தலைமுறையான 002ஏ, 003ஏ ஆகியவை காற்றால் குளிரும் ஓனன் எஞ்சின் கொண்டவை. அவையும் உழைக்கும், ஆனால் மூடிய பெட்டி இல்லாததால் சத்தம் பக்கத்து வீட்டுக்குப் பொறுக்காது. வீட்டுத் தேவைக்கு 802ஏ, 803ஏ இரண்டில் ஒன்றைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

வாங்கும் முன் இயந்திரத்தின் மேல் இருக்கும் தகட்டை நிதானமாகப் படிக்க வேண்டும். 812ஏ, 813ஏ என்ற செட்டுகள் வெளித்தோற்றத்தில் இவற்றைப் போலவே இருக்கும், ஆனால் அவை 400 ஹெர்ட்ஸ் மின்சாரம் தருபவை. ராணுவத்தின் சில தனிக்கருவிகளுக்காகச் செய்யப்பட்ட அந்த மின்சாரம் வீட்டில் ஒரு மின்விசிறிக்குக்கூட உதவாது. படத்தை மட்டும் பார்த்து ஏலம் கேட்பவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: 803ஏ என்பது 60 ஹெர்ட்ஸ் இயந்திரம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் இருப்பவர்கள், வேகத்தை 1500 சுற்றுக்குக் குறைத்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. வேகம் குறையும்போது வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். குறைக்காமல் விட்டால், வோல்டேஜைச் சீராக வைக்கும் ஏவிஆர் என்ற மின்னணுப் பாகம் ஆல்டர்னேட்டரின் காந்தப்புலச் சுருளுக்குள் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைத் தள்ளி அதைச் சூடாக்கிவிடும். அவர்கள் 50 ஹெர்ட்ஸுக்கென்றே செய்த வேறு செட்டைத் தேடுவது நல்லது.

ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டரை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ராணுவப் பட்டறையில் முழுச் சீரமைப்பு நடந்த செட்டுகளில் மீட்டர் புதிதாகத் தொடங்கியிருக்கலாம். பழுதான மீட்டரை மாற்றியும் இருக்கலாம். ஆயில் அளவுகோலை உருவி விரலில் தேய்த்துப் பார்ப்பதும், ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே துரு மிதக்கிறதா என்று பார்ப்பதும் அந்த எண்ணைவிட அதிகம் சொல்லும்.

என்னிடம் வந்த செட்டின் இரண்டு பேட்டரிகளும் செத்திருந்தன. இதன் ஸ்டார்ட்டிங் அமைப்பு 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைக்க வேண்டும். இரண்டும் ஒரே வகை, ஒரே வயதாக இருப்பது முக்கியம். ஒன்று பழையது, ஒன்று புதியது என்று போட்டால் பழையது சரியாகச் சார்ஜ் ஆகாமல் புதியதையும் சேர்த்துக் கெடுத்துவிடும். டீசல் டேங்க்கைத் திறந்தபோது எழுந்தது டீசல் வாசனை அல்ல. பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்தது போன்ற ஒரு நெடி. ராணுவத்தில் இது பெரும்பாலும் ஜேபி-8 என்ற விமான எரிபொருளில் ஓடியிருக்கும். அது எத்தனை காலம் உள்ளே கிடந்ததோ, அடியில் தண்ணீரும் அதன்மேல் பழுப்பு நிறத்தில் சளிபோல ஒரு படலமும் இருந்தன. டீசலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நுண்ணுயிர்கள் வளர்வதால் உண்டாகும் படலம் அது. டேங்க்கை முழுவதும் வடித்து, கழுவி, ரப்பர் குழாய்களை மாற்றி, ஃபில்டர்களைப் புதிதாகப் போட்ட பிறகுதான் நல்ல டீசலை ஊற்றினேன். இந்த ஒரு வேலைக்கு இரண்டு வார இறுதிகள் போயின. அவசரப்பட்டு அப்படியே ஓட்டியிருந்தால் அந்தச் சளி இன்ஜெக்டர் வரை போயிருக்கும்.

ஆல்டர்னேட்டர் பக்கம் காற்று போகும் வழியில் எலி கூடு கட்டியிருந்தது. கூட்டைவிட அதன் கீழிருந்த ஈரம்தான் எனக்குக் கவலை தந்தது. ஏவிஆரையும் டயோடுகளையும் கழற்றி விலக்கிவிட்டு, நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் பட்டையையும் எடுத்துவிட்டு, இன்சுலேஷனை அளக்கும் கருவியான 500 வோல்ட் மெக்கரால் சுருள்களைச் சோதித்தேன். முதல் நாள் 2 மெகோம் காட்டியது. மின்விளக்கை உள்ளே எரியவிட்டு, தார்ப்பாயால் மூடி, மூன்று நாள் காய வைத்ததும் 40 மெகோமைத் தாண்டியது. ஈரம் மட்டும்தான் காரணம், சுருளில் குறை இல்லை என்று அப்போதுதான் நிம்மதி வந்தது. ஏவிஆரைக் கழற்றாமல் மெக்கர் வைப்பவர்கள், நன்றாக இருக்கும் ஏவிஆரையே பலி கொடுத்துவிடுவார்கள்.

நீண்ட நாள் கிடந்த எஞ்சினை நேரடியாக ஸ்டார்ட் செய்யக் கூடாது. எரிபொருள் போகாமல் செல்ஃப் மோட்டாரை மட்டும் சுழற்றுவதற்கென்றே இதில் ஒரு தனி ஸ்விட்ச் இருக்கிறது. அதைக் கொண்டு சிறிது நேரம், நடுநடுவே ஓய்வு கொடுத்து, ஆயில் அழுத்த முள் எழும் வரை சுழற்றினேன். அதன் பிறகுதான் எரிபொருள். இரண்டாவது முயற்சியில் வெண்புகை கக்கிக்கொண்டு எஞ்சின் பிடித்தது. ஒரு நிமிடத்தில் புகை தெளிந்தது.

ஆனால் வோல்ட் மீட்டரின் முள் பூஜ்யத்தைவிட்டு அசையவில்லை. இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மாஸ்டர் ஸ்விட்ச்சை ஸ்டார்ட் நிலையில் பிடித்திருக்கும்போதுதான் காந்தப்புலச் சுருளுக்கு பேட்டரியிலிருந்து தொடக்க மின்சாரம் போகிறது. எஞ்சின் பிடித்த உடனே கையை எடுத்துவிட்டால் எஞ்சின் ஓடும், மின்சாரம் எழாது. ஆயில் அழுத்தம் ஏறி, வோல்டேஜ் முள் மேலே வந்து நிற்கும் வரை பிடித்திருந்துதான் விட வேண்டும். நான் அப்படிப் பிடித்தும் முள் எழவில்லை. ஏவிஆர் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதியது வாங்க இருந்தேன். அதற்கு முன் வயரிங் படத்தை விரித்து, ஏவிஆருக்கு வரும் கம்பிகளை ஒவ்வொன்றாக மல்டிமீட்டரால் தொடர்ந்து போனேன். கனெக்டர் ஒன்றை உருவியபோது, அதன் பின்களில் ஒன்று மட்டும் வேப்பிலைப் பச்சையாகக் களிம்பேறிக் கிடந்தது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, திரும்பச் செருகினேன். எஞ்சினை நிறுத்திவைத்த நிலையிலேயே வோல்டேஜ் தேர்வு ஸ்விட்ச்சையும் இருபது முப்பது முறை முன்னும் பின்னும் திருப்பினேன்; பல ஆண்டுகள் ஒரே நிலையில் இருந்த தொடுமுனைகளில் படிந்த ஆக்சைடு அப்படித்தான் உரியும். அடுத்த ஸ்டார்ட்டில் முள் தயங்காமல் எழுந்து 240-இல் நின்றது. புதிய உதிரிபாகம் எதுவும் தேவைப்படவில்லை.

திறனைப் பொறுத்தவரை இந்த இயந்திரம் பொய் சொல்லவில்லை. 0.8 பவர் ஃபேக்டரில் 10 கிலோவாட், அதாவது 12.5 கேவிஏ, 240 வோல்ட் இணைப்பில் ஏறக்குறைய 52 ஆம்பியர். இது ஒரு கணம் தாங்கும் உச்ச அளவு அல்ல, தொடர்ந்து தரக்கூடிய அளவு. நீர் சூடாக்கும் ஹீட்டர்களைச் சேர்த்து முழுச் சுமையில் இரண்டு மணி நேரம் ஓட்டினேன். சுமை இல்லாதபோது 62 ஹெர்ட்ஸை ஒட்டி இருந்த அதிர்வெண், சுமை ஏறியதும் 60-க்கு இறங்கி அங்கேயே நின்றது. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இயந்திர கவர்னருக்கு இது இயல்பான குணம். பழுது என்று நினைத்து திருகுகளைத் திருகிவிடக் கூடாது.

வீட்டில் இதற்கு வரும் ஆபத்து அதிகச் சுமையால் அல்ல, குறைந்த சுமையால். நான்கு விளக்கும் ஒரு குளிர்பதனப் பெட்டியும் மட்டும் போட்டு நாள் முழுக்க ஓட்டினால், சிலிண்டர் போதிய சூடேறாமல், எரியாத டீசல் புகையோடு வெளியேறிச் சைலன்சர் வாயில் கருப்பாகப் பிசுபிசுக்கும். என் செட் வந்தபோதே சைலன்சரின் அடியில் அப்படி ஒழுகிக் காய்ந்த கோடு இருந்தது. முழுச் சுமையில் ஓட்டிய அன்று முதல் அரை மணி நேரம் கரும்புகை வந்து, பிறகு அடங்கியது. கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சுமை தர முடியாதவர்கள் 5 கிலோவாட் 802ஏ-வை வாங்குவதே சரி. பெரியது வாங்கினால் பாதுகாப்பு என்ற எண்ணம் டீசல் எஞ்சினுக்குப் பொருந்தாது. இதை வாங்கும் முன் யாராவது எனக்கு அழுத்திச் சொல்லியிருந்தால் நானே 802ஏ-வைத்தான் எடுத்திருப்பேன்.

வீட்டோடு இணைப்பதில் எந்தக் குறுக்குவழியும் கூடாது. வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் இணைத்தால் இந்த மின்சாரம் தெருக்கம்பிக்குப் பாய்ந்து, மின்வெட்டைச் சரிசெய்ய ஏறிய தொழிலாளியைக் கொல்லும். நியூட்ரலும் எர்த்தும் எங்கே இணைகின்றன என்பதையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்க்க வேண்டும். வீட்டின் மெயின் போர்டில் ஏற்கெனவே அந்த இணைப்பு இருந்து, சேஞ்ச் ஓவர் நியூட்ரலைப் பிரிக்காத வகையாக இருந்தால், மெக்கர் சோதனையில் நான் எடுத்ததாகச் சொன்ன அந்தப் பட்டை மீண்டும் மாட்டப்படக் கூடாது. செட்டைத் திறந்த வெளியில், சன்னல்களுக்கு எட்டத்தில்தான் வைக்க வேண்டும். புகையில் வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை.

முன்பக்கப் பலகையில் மூடி போட்ட ஒரு ஸ்விட்ச் இருக்கும். போர்க்களத்தில் இயந்திரம் எரிந்தாலும் மின்சாரம் நிற்கக் கூடாது என்ற நிலைக்காக, பாதுகாப்பு அணைப்புகளில் பெரும்பாலானவற்றை அது செயலிழக்கச் செய்கிறது. வீட்டில் அதைத் தொட வேண்டிய காரணம் எதுவும் இல்லை. என் செட்டில் அந்த மூடியைக் கம்பியால் கட்டிவிட்டேன்.

பராமரிப்புக்கு இப்போது மாதம் ஒரு மணி நேரம் செலவிடுகிறேன். வாட்டர் செபரேட்டரில் தேங்கிய நீரை வடிப்பேன். ஆயில், கூலன்ட் அளவைப் பார்ப்பேன். ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்ப்பேன். பிறகு ஹீட்டர்களைப் போட்டுப் பாதிக்கு மேல் சுமையில் ஓட்டுவேன். சுமையின்றிப் பத்து நிமிடம் ஓட்டி அணைப்பது பராமரிப்பு அல்ல, அது சைலன்சரில் கரி சேர்க்கும் வேலை. டீசலில் நுண்ணுயிர் தடுக்கும் மருந்தைக் கலந்து வைக்கிறேன். சேமித்த டீசலை ஆண்டுக்கு ஒருமுறை செலவழித்துப் புதிது நிரப்புகிறேன். டி.எம். 9-6115-642 என்ற எண்ணில் தொடங்கும் ராணுவக் கையேடுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இயக்குபவருக்கு ஒன்றும் பழுது பார்ப்பவருக்கு ஒன்றுமாகத் தனித்தனியே உள்ளன, இரண்டையும் எடுத்து அச்சிட்டுக்கொள்ள வேண்டும். இத்தனை தெளிவான கையேட்டை வீட்டு உபயோக ஜெனரேட்டர் எதனோடும் நான் பெற்றதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். எடை 500 கிலோவுக்கு மேல். தூக்கி இறக்க இயந்திரம் வேண்டும், உறுதியான கான்கிரீட் தளம் வேண்டும். சத்தம் குறைந்தது என்று பெயர் வைத்திருந்தாலும், அது போர்க்களத்தின் அளவுகோலில்தான். இரவில் பக்கத்தில் நின்று பேசக் குரலை உயர்த்த வேண்டும். முழுச் சுமையில் மணிக்கு ஏறக்குறைய 3.7 லிட்டர் டீசல் குடிக்கிறது, டேங்க் 34 லிட்டர்தான்; இரவு முழுக்க ஓட்ட வேண்டுமானால் வெளியிலிருந்து டீசலை இழுத்துக்கொள்ளும் துணை இணைப்பைப் பயன்படுத்த வேண்டியிருக்கும். ஃபில்டரும் பெல்ட்டும் எளிதில் கிடைக்கின்றன, ஆனால் எஞ்சினின் உட்பாகங்களுக்குத் தேடி அலைய வேண்டும். மின்சாரம் போனதும் தானாக ஓடத் தொடங்கும் வசதி இதில் இல்லை. வீட்டில் நான் இல்லாத நேரத்தில் மின்வெட்டு வந்தால் என் மனைவி ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பதால், படிகளை எழுதிப் பலகையின் கதவுக்கு உள்ளே ஒட்டியிருக்கிறேன். அந்தத் தாளில் முதல் வரி, முள் எழும் வரை ஸ்விட்ச்சை விடாதே என்பது. சென்ற மாத மின்வெட்டில் அவர் தனியாகவே ஸ்டார்ட் செய்து, சேஞ்ச் ஓவரைத் திருப்பி, ஆறு மணி நேரம் ஓட்டினார். நான் திரும்பி வந்தபோது சுமை மீட்டர் 45 சதவீதத்தில் இருந்தது, சைலன்சர் வாய் காய்ந்திருந்தது.