கீழே விழுந்தால் எது தேறும்? பிளாஸ்டிக், உலோகம், ரெசின் மினியேச்சர்கள்

வார்கேமிங் (மேசையில் படை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு) மினியேச்சர், அதாவது சின்னப் போர்வீரன் பொம்மை, வாங்குகிறவர் முதலில் பார்ப்பது நுணுக்கத்தைத்தான். பல் தெரிகிறதா, கவசத்தின் ஆணி தெரிகிறதா, அங்கி மடிப்பு கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். அதில் பெரிய சண்டைக்கு இடமில்லை: நல்ல ரெசின் (திரவமாக இருந்து இறுகும் பிசின்) முதலிடம், நல்ல பிளாஸ்டிக் அதை ஒட்டியே வரும், உலோகம் வார்த்தவர் கையைப் பொறுத்தது. விலையும் அப்படித்தான். முப்பரிமாண (3D) பிரிண்டர் வைத்திருப்பவருக்கு ரெசின் மலிவு, மற்றவருக்கு இல்லை. இவ்விரண்டையும் இத்தோடு விட்டுவிடலாம்.

எது சரி என்பது பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான் தெரியும். ஆடுகிற படை என்றால் பொம்மை ஒருநாள் மேசையிலிருந்து விழத்தான் செய்யும். அப்போது எது உடையும், எதை எளிதில் ஒட்டலாம்? சில வருடம் கழித்துப் பழைய பெயின்டை உரித்துவிட்டுப் புதிதாக அடிக்க நினைத்தால் எது ஒத்துழைக்கும்? இந்தப் பராமரிப்புக் கணக்கை வைத்துத்தான் என் ஓட்டு கடின பிளாஸ்டிக்குக்கு, அதாவது பாலிஸ்டைரீனுக்கு.

முதலில் எடை. பாலிஸ்டைரீனின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 1.05 கிராம். மினியேச்சர் வார்க்கும் வெள்ளை உலோகத்தில் பெரும்பங்கு வெள்ளீயம். அதன் அடர்த்தி 7.3. ஒரே அளவுள்ள 28 மி.மீ. வீரன் உலோகத்தில் ஏறக்குறைய ஏழு மடங்கு கனப்பான். அதே உயரத்திலிருந்து விழுந்தால் ஏழு மடங்கு ஆற்றல் ஈட்டி முனையில் போய் இறங்கும். உலோகம் மெத்தென்றது, ஆகவே ஈட்டி உடையாமல் மடங்கும். ஆனால் மேலே இருக்கும் ஆக்ரிலிக் பெயின்ட் படலம் அந்த அளவு நீளாது. மடங்கிய இடத்தில் விரிசல் விட்டுச் செதிலாக உரியும். இடுக்கி வாயில் டேப் சுற்றி மெதுவாக நிமிர்த்தலாம். ஒரே இடத்தில் நாலைந்து முறை மடக்கி நிமிர்த்தினால் அங்கேயே முறிந்துவிடும்.

பிளாஸ்டிக் வீரன் அதே உயரத்திலிருந்து விழுந்தால் பெரும்பாலும் துள்ளி உருண்டு போவான். உடைந்தால் ஒட்டு விட்ட இடத்தில் உடையும், அல்லது வில், வாள் போன்ற மெல்லிய இடத்தில்.

அடுத்து ஒட்டு. இதில்தான் பிளாஸ்டிக் மற்ற இரண்டையும் தூரத்தில் விட்டுவிடுகிறது. பிளாஸ்டிக் சிமெண்ட் என்பது பசையே அல்ல, கரைப்பான். இரண்டு முகங்களையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டு ஆவியாகிப் போகும். மிஞ்சுவது ஒரே துண்டு பிளாஸ்டிக். நீர்த்த வகை என்றால் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இடுக்கில் பிரஷ் நுனியை ஒருமுறை தொட்டால் போதும், தானே உள்ளே ஏறும். விரல் அந்த இடுக்கின் மேல் இருக்கக் கூடாது. இருந்தால் உங்கள் கைரேகை பொம்மையில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். பத்து, பதினைந்து விநாடி பிடித்துவிட்டு ஒருநாள் காயவிடுங்கள். பின்னால் உடைந்து மறுபடி ஒட்டும்போது பலர் தவறுவது ஒரே இடத்தில்: இரண்டு முகத்திலும் பெயின்டைச் சுரண்டி வெறும் பிளாஸ்டிக்கைக் காட்டுவதில்லை. பெயின்ட் மேல் சிமெண்ட் போட்டால் பெயின்ட் குழம்புமே தவிர ஒட்டு பிடிக்காது.

உலோகத்துக்கும் ரெசினுக்கும் சூப்பர் குளூதான் கதி. அது இழுவையைத் தாங்கும், அடியைத் தாங்காது. கண்ணாடி போல விட்டுவிடும். உலோகக் கை கனமானது என்பதால் வெறும் குளூ போதாது, உள்ளே கம்பி வைத்தே ஆகவேண்டும். கை ட்ரில்லில் 1 மி.மீ. பிட் போட்டு, தோளில் 3, 4 மி.மீ. ஆழம் துளையுங்கள். துளை வாயில் ஒரு பொட்டு ஈரப் பெயின்ட் வைத்துக் கையை அழுத்தி எடுத்தால், கையில் எங்கே துளைக்கவேண்டும் என்று அடையாளம் விழும். பித்தளைக் கம்பியை வெட்டிச் செருகி ஒட்டுங்கள். ஒரு பொம்மைக்கு இது பெரிய வேலையில்லை. முப்பது பொம்மைக்கு மணிக்கட்டு பதில் சொல்லும்.

பெயின்ட் உதிர்வது உலோகத்தின் பழைய வியாதி. வழவழப்பான பரப்பு, எண்ணெய்ப்பசை, பெட்டிக்குள் ஒன்றோடொன்று மோதும் கனம் எல்லாம் சேர்ந்து தலைக்கவச முகடு, விரல் முட்டி, வாள் விளிம்பு ஆகிய மூன்றிலும் முதலில் வெள்ளி எட்டிப்பார்க்கும். பாத்திரம் கழுவும் சோப்பில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, அதன் பிறகே பிரைமர் (பெயின்ட் பிடிக்க அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்கவேண்டும். முடிவில் முதலில் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ், அது நன்கு காய்ந்தபின் மேட் (மினுக்கமற்ற) வார்னிஷ். மேட்டில் மினுக்கத்தைக் குறைக்கச் சேர்க்கும் பொடியால் படலம் சற்று பலவீனப்படும். பாதுகாப்பு கிளாஸ் தருவது, மேட் அதன் பளபளப்பை மறைக்கத்தான். பிளாஸ்டிக்குக்கு ஒரே ஒரு மேட் பூச்சே பெரும்பாலும் போதும்.

இனி பெயின்ட் உரிப்பு. இங்கே மட்டும் உலோகம்தான் ராஜா, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அசிட்டோனில் ஊறப்போட்டால் ஆக்ரிலிக், எனாமல், சூப்பர் குளூ என்று எல்லாமே கழன்றுவிடும். கையில் மிஞ்சுவது வார்த்தெடுத்த நாளின் பொம்மை. இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தாலே குளூ ஒட்டு பட்டென்று விட்டுவிடும். கையை மாற்றி வைக்க நினைப்பவருக்கு இது வரம். பழைய உலோகப் படைகளுக்கு மறுவிற்பனையில் மதிப்பு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். யார் எவ்வளவு தடியாகப் பெயின்ட் அப்பியிருந்தாலும் மீட்டுவிடலாம்.

பிளாஸ்டிக்கை அசிட்டோன் பக்கமே கொண்டுபோகக் கூடாது, உருகிவிடும். அதற்கு 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். மூடி போட்ட கண்ணாடிக் குடுவையில் அரைமணி முதல் ஒருமணி நேரம் ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, மடிப்புகளில் பல்குச்சியால் நோண்டுங்கள். போகாவிட்டால் இன்னொரு தடவை. ராத்திரி முழுக்க ஊறப்போடுவதைவிட இப்படி நாலு தடவை செய்வது மேல். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது, கையில் நைட்ரைல் உறை. ஆக்ரிலிக் இதில் வந்துவிடும். கார் பிரைமர் போன்ற லாக்கர் வகை லேசில் வராது. அதை உடனே கரைக்கிற சரக்கு பிளாஸ்டிக்கையும் கரைக்கும். சிமெண்ட் போட்ட ஒட்டையும் பிரிக்கமுடியாது. ஆகவே பிறர் ஆடிய பிளாஸ்டிக் படையை வாங்குமுன் இரண்டே கேள்வி: என்ன பிரைமர், என்ன பசை? பதில் தெரியாதவரிடம் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பழைய உலோகத்திலும் ஒரு பொறி உண்டு. ஈயம் கலந்த பொம்மையை ஓக் மர அலமாரியில் வைத்தால், மரம் விடும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தைத் தின்று வெள்ளைப் பொடியாக்கும். சாம்பல் நிறத்தில் மாவு படிந்த பொம்மையை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், அந்தத் தூசி மூச்சில் போகக்கூடாதது.

ரெசினில் இரண்டு சாதி. அச்சில் வார்க்கும் பாலியூரிதேன் ரெசினில் வாள் வளைந்து வந்தால் வெந்நீரில் முக்கி நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் காட்டினால் அப்படியே நிற்கும். பிரிண்டரில் வருவது புறஊதா ஒளியில் இறுகும் ரெசின். அது கீழே விழுந்தால் கணுக்காலில் முறிவது வழக்கம். வளையும் ரெசின் கொஞ்சம் கலந்து அச்சிட்டால் தாங்கும் சக்தி கூடும், அது உண்மை. உள்ளே குடைவாக அச்சிட்டு வடிதுளை வைக்காமல் விட்டால், இறுகாத ரெசின் உள்ளேயே தேங்கி, மாதங்கள் கழித்து விரிசல் வழியே கசியும். மேலே அடித்த பெயின்ட் போச்சு. உரிப்பதும் தலைவலி. ஆல்கஹாலை உறிஞ்சி ஊதி விரிசலிடும் வகைகள் உண்டு, அதனால் அச்சிடும்போது பொம்மையைத் தாங்கும் குச்சியின் துண்டு ஒன்றை முதலில் ஊறப்போட்டுப் பாருங்கள். நாற்பது வயதான உலோகப் பொம்மைகள் நன்றாகவே இருக்கின்றன. வீட்டு பிரிண்டர் ரெசினுக்கு அந்த வயது இன்னும் ஆகவில்லை, எனவே அதன் ஆயுளைப் பற்றி யார் அடித்துச் சொன்னாலும் பாதிதான் நம்பவேண்டும்.

அலமாரிக்கும் கேமராவுக்கும் மட்டும் என்றால் ரெசினுக்கே போங்கள். ஒரு கண் வேண்டும்: பிரிண்டர் அடுக்கடுக்காக அச்சிடுவதால் விழும் 0.05 மி.மீ. கோடுகள் வெறும் கண்ணுக்குத் தெரியாது, டிரைபிரஷ் (ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷால் மேடுகளில் மட்டும் நிறம் தேய்ப்பது) செய்ததும் மரவரி போல எழும்பும், வாஷ் (பள்ளங்களில் இறங்கும் நீர்த்த பெயின்ட்) அந்தக் கோட்டில் போய்ப் படியும். பக்கவாட்டு விளக்கில் படமெடுத்தால் இன்னும் மோசம். பிரைமர் அடித்ததுமே விளக்கைத் தாழ்த்திப் பக்கத்திலிருந்து காட்டி ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் சுரண்டாமல் விட்ட அச்சுக்கோடும் (அச்சின் இரு பாதி சேரும் இடத்து வரம்பு) அதிலேயே மாட்டிக்கொள்ளும்.

பிளாஸ்டிக்கிலும் குறை இல்லாமலில்லை. எஃகு அச்சு நேர்த்திசையில் திறப்பதால், பக்கவாட்டில் இருக்கும் நுணுக்கம் மழுங்கலாக வரும். அதைத் தவிர்க்க உருவத்தைப் பல துண்டாக்குகிறார்கள், ஒட்டுகிற வேலை நம் தலையில். எடை குறைவு என்பதால் சரிந்த தரையில் சாயவும் செய்யும். பேஸுக்கு (பொம்மை நிற்கும் தட்டுக்கு) அடியில் ஓர் இரும்பு வாஷர் ஒட்டினால் தீர்ந்தது.

தளபதி மட்டும் உலோகத்தில்தான் கிடைக்கிறான் என்றால் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். எடுத்துப்போகும் இரும்புத் தட்டில் பிளாஸ்டிக் வீரனுக்கு 5×1 மி.மீ. நியோடிமியம் காந்தம் ஒன்று போதும். உலோகத் தளபதிக்கு அதையே மூன்றாகப் போடுங்கள். இல்லையென்றால் தட்டைச் சாய்த்ததும் வழுக்கிப் போய்த் தன் படையின் மேலேயே விழுவான்.