பி-யில் சிக்கிய கியர்: ஜே.சி. ரோட்டில் பிரேக் ஸ்விட்ச் வாங்கலாமா?

ஆட்டோமேட்டிக் காரில் கியர் பி-யை (பார்க்கிங் நிலையை) விட்டு நகரவில்லையா? பிரேக்கை மிதித்து, பின்விளக்கு (பிரேக் லைட்) எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால் கியர்பாக்ஸில் கைவைக்க யாரையும் விடாதீர்கள். ஃப்யூஸ் நன்றாக இருந்தால் பெரும்பாலும் பெடலுக்கு மேலே உள்ள பிரேக் ஸ்விட்ச்தான் காரணம். அதன் சிக்னல் வந்தால்தான் கியர் லிவருக்கு அடியில் உள்ள சாலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும் பூட்டுக் கருவி) லிவரின் பூட்டை விடுவிக்கும்.

கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த பெங்களூரு ஜே.சி. ரோட்டில் இந்த ஸ்விட்ச் ஒரிஜினலும் உண்டு, மலிவு நகலும் உண்டு. என் ஓட்டு ஒரிஜினலுக்கே. பின்விளக்கும் இதை நம்பித்தான் எரிகிறது. பழையதைக் கையோடு கொண்டுபோங்கள், கனெக்டரில் 2 பின்னா 4 பின்னா என்று ஒப்பிட வேண்டும். "அண்ணா, மீட்டர் வச்சுப் பாத்துக்கறேன்" என்றால் நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார். சாதாரண 2 பின் வகையில் ஸ்விட்சின் அமுக்கும் குமிழ் வெளியே இருக்கும்போது, இணைப்பைச் சோதிக்கும் பீப் நிலையில் வைத்த மல்டிமீட்டர் கூவ வேண்டும், அமுக்கினால் அடங்க வேண்டும். அமுக்கிய குமிழ் தயங்கித் தயங்கி வெளிவந்தால் வாங்காதீர்கள்.

விளக்கு எரிந்தும் லிவர் அசையவில்லை என்றால் பேட்டரி வோல்டேஜையும் சாலினாய்டையும் பாருங்கள். அவசரத்துக்கு, பல கார்களில் லிவர் பக்கத்தில் சின்ன மூடி இருக்கும்: ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பிரேக்கை மிதித்தபடி, உள்ளே ஸ்குரூடிரைவரால் அழுத்தி லிவரை நகர்த்தலாம். பின்விளக்கு எரியாத வண்டியை மெக்கானிக் வரை மட்டும் ஓட்டுங்கள்.