மண்டபத்துக் காற்றுக்குத் தாங்காத தேள் பெட்டி

மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, 20 சென்டிமீட்டர் வரை வளரக்கூடிய எம்பரர் தேளுக்காக இணையத்தில் வாங்கிய இந்த அக்ரிலிக் பெட்டியின் மூடி இறுக்கமாகப் பொருந்துவதால், அது தப்பிவிடுமோ என்ற அச்சம் வீட்டில் எழவில்லை. ஆனால், துருப்பிடிக்காத எஃகு என்று விற்பனையாளர் உறுதியளித்த மூடியின் கம்பிவலை, இராமேசுவரத்துக்கு அருகிலுள்ள கடலோர ஊரான மண்டபத்தின் உப்புக்காற்றில் இரண்டே மாதத்தில் துருவேறி, ஈரத் தேங்காய்நார்த் தூளின் மீது உதிரத் தொடங்கியது. உடன் தந்த புற ஊதாக் கைவிளக்கில் தேள் நீலப்பச்சையாக ஒளிர்வது அழகுதான். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள இத்தேளை வளர்ப்போர் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பெட்டி கிடைத்துவிட்டதென்று உள்ளூர்ச் சிலந்தியைத் தேடி எவரும் புறப்பட வேண்டாம். 2004-இல் இராமேசுவரத்து அனுமன் கோயிலொன்றின் பெயரால் அறிவியலில் விவரிக்கப்பட்ட மரச்சிலந்தி, அழிவின் விளிம்பில் உள்ளது. மூடியின் கம்பிவலையை மாற்றித் தருமாறு விற்பனையாளரிடம் கேட்டதற்குப் பதில் வராததால், ஆணியைச் சூடாக்கித் துளையிட்ட அக்ரிலிக் தகட்டையே இப்போது மூடியாகப் பயன்படுத்துகிறேன்.