நட்சத்திரக் கவுனுக்குள் போடும் முழுக்கை இன்னர்: எது உழைக்கும், எது நழுவும்

சிவப்புக் கம்பளத்தில் நடிகை போட்ட கவுன், சின்னப் பெண்களின் அளவிலும் நகலாகி விற்பனைக்கு வந்துவிடுகிறது. கையில்லை, முதுகு இறக்கம், கழுத்துக்குக் கீழே தோல் நிற நெட். மகள் ஆசைப்படுகிறாள், வீட்டின் மார்க்கநெறி இடம் கொடுக்கவில்லை என்றால், உள்ளே போட மூன்று வகை இன்னர் கிடைக்கின்றன.

முதலாவது, உள்ளாடைப் பட்டியில் கிளிப்பால் மாட்டும் கழுத்துத் துண்டு. ஆடாமல் அசையாமல் நிற்கிறவரை சரி. குனிந்தால் பட்டி தளர்ந்து துண்டும் கூடவே இறங்கும். ஓடியாடும் வயதுப் பெண்ணுக்கு இதை வாங்கவே வேண்டாம்.

அடுத்தது, மார்புக்குக் கீழே எலாஸ்டிக்கோடு முடியும் பாதி இன்னர். இடுப்பில் துணி சேராததால் கவுனின் ஜிப் புடைக்காது, புழுக்கமும் குறைவு. கை தூக்கினால் மேலேறுவதுதான் குறை. கவுனின் உள் பக்கத் தையலில் இருபுறமும் இரண்டிரண்டு பிரஸ் பட்டன் வைத்து இன்னரோடு இணைத்தால் அந்தத் தொல்லை தீரும். வாங்குமுன் பின்கழுத்திலிருந்து கவுனின் முதுகு வெட்டு முடியும் இடம்வரை அளந்துகொள்ளுங்கள். இன்னர் அதைவிட 5 செ.மீ.யாவது நீளமாக இருக்க வேண்டும். பாதி இன்னர் முடியும் இடத்துக்கும் கீழே வெட்டு இறங்கினால், மூன்றாவது வகையான இடுப்பு தாண்டும் முழு இன்னர்தான் வழி.

துணியைக் கவுனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 95% பருத்தி, 5% ஸ்பான்டெக்ஸ் (லைக்ரா போன்ற நீண்டு சுருங்கும் இழை) கலந்தது வியர்வையை உறிஞ்சும். சீக்வின்ஸ் எனும் மினுமினு வில்லைகள் அக்குளில் உராயும் கவுனுக்கு இதுவே நல்லது. ஆனால் சில லைனிங்குகளோடு பற்றிக்கொண்டு முறுக்கும். அங்கே வழுக்கிச் செல்லும் நைலான்-லைக்ரா மேல். அதையே சீக்வின்ஸுக்கு அடியில் போட்டால் இழை இழுபடும். பருத்தி இன்னரை ஒருமுறை துவைத்துக் காயவைத்த பிறகே பட்டன் தையுங்கள். சுருங்கினால் பட்டன்கள் நேர்படாது.

நிறத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது தோல் நிறம். புகைப்படத்தில் அது வெறுங்கையாகத்தான் தெரியும், மூடியும் பயனில்லை. கவுனின் நிறத்திலேயே ஒரு சாயல் அடர்த்தியாக எடுங்கள். கையை உள்ளே விட்டு, துணியை விரித்து, செல்பேசி டார்ச்சுக்கு எதிரே பிடியுங்கள். விரல் இடுக்குகள் தெரிந்தால் முழங்கை மடக்கும் இடத்திலும் தோல் தெரியும்.

லேஸ் கைக்கும் இந்தச் சோதனை உண்டு. 2011-ல் பிரிட்டன் இளவரசர் வில்லியமை மணந்த கேட் மிடில்டன் திருமணத்தில் அணிந்த கவுனின் முழுக்கை லேஸில் தோல் தெரியத்தான் செய்தது. மலிவான நகல்களில் லேஸின் துளை இன்னும் பெரிதாக இருக்கும்.

எதுவரை மூட வேண்டும் என்பதை முதலிலேயே பேசி முடிவெடுங்கள். மணிக்கட்டுவரை மூடும் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. வைதீக யூதர் வழக்கில் மேலுடம்பில் பொதுவாக முழங்கையும் காறை எலும்பும் மறைந்தால் போதும். கிறிஸ்தவக் குடும்பங்களில் சபைக்குச் சபை மாறும். முழங்கைவரை போதுமென்றால் முழுக்கை வாங்கிப் புழுங்க வைக்காதீர்கள்.

பிறகு கண்ணாடி முன் அவளே கை தூக்கி, குனிந்து, தரையில் உட்கார்ந்து, சுற்றிப் பார்க்கட்டும். எங்கே நழுவுகிறது என்பதை அவளே சொல்லட்டும். "அசிங்கமா தெரியுது" என்ற பேச்சு வேண்டாம். அது உடம்பின்மேல் வெறுப்பைத்தான் வளர்க்கும், நெறியை வளர்க்காது. மூடிய உடை இரண்டாந்தரம் என்று அவள் நினைத்தால், 2016-ல் அமெரிக்காவின் மினசோட்டா அழகிப் போட்டி மேடைக்கு ஹிஜாபும் புர்கினியுமாக (உடம்பை மூடும் நீச்சலுடை) வந்த ஹலிமா ஏடனின் படத்தைக் காட்டுங்கள்.

உடம்போடு ஒட்டித் தைத்த கவுனுக்கு மட்டும் எந்த இன்னரும் உதவாது, இன்னும் இறுக்கத்தான் செய்யும். பக்கத் தையலுக்குள் 2 செ.மீ. துணி விட்டிருந்தால் பிரித்துத் தளர்த்தலாம். விட்டிருக்கவில்லை என்றால் வேறு கவுன் பாருங்கள்.