மலிவு விலை ஒளி இடுக்கித் தொகுப்பு: வாங்குமுன் கண்களை நினையுங்கள்

லேசர் ஒளியால் நுண்துகள்களைப் பிடித்து நகர்த்தும் ஒளி இடுக்கியைக் குறைந்த செலவில் அமைக்க விரும்பும் கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். எங்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்திற்காக ஓர் இணைய விற்பனையாளரிடம் வாங்கிய தொகுப்பு வேலை செய்யவில்லை. அதைவிடக் கொடுமை, பயன்படுத்துபவரின் விழித்திரையை நிரந்தரமாகப் பழுதாக்கும் ஆபத்தும் அதில் இருந்தது.

50 மில்லிவாட் பச்சை லேசர், எண்ணெயிட்டுப் பயன்படுத்தும் 100 மடங்கு பொருளருகு வில்லை (நுண்ணோக்கியில் மாதிரிக்கு அருகில் இருக்கும் வில்லை), லேசர் பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவை தருவதாக விளம்பரம் கூறியது. வந்ததோ 40 மடங்கு உலர் வில்லை. அதன் உறையிலேயே எண்ணியல் துளை, அதாவது வில்லை ஒளியை எவ்வளவு அகன்ற கூம்பாகக் குவிக்கும் என்பதைக் காட்டும் எண், 0.65 என்று பொறித்திருந்தது. 1986இல் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் ஆஷ்கின் குழுவினர் செய்து காட்டிய ஒற்றைக் கற்றைப் பொறியில், துகளைக் குவியத்தை நோக்கி இழுக்கும் விசை அதை முன்னே தள்ளும் விசையை விஞ்ச வேண்டும். ஒளி மிக அகன்ற கூம்பாக வந்து குவிந்தால்தான் அது நடக்கும், அதனால்தான் 1.25 எண்ணியல் துளை கொண்ட எண்ணெய் வில்லையைக் கேட்கிறோம். எங்களுக்கு வந்த வில்லையில், நீரில் மிதந்த பாலிஸ்டைரீன் என்னும் நெகிழியாலான நுண்மணி கற்றையின் நடுவுக்கு ஒரு கணம் இழுபட்டது; உடனே கற்றை செல்லும் திசையிலேயே தள்ளப்பட்டு, உருவம் மங்கி, பார்வையிலிருந்து மறைந்தது. இதைத் தெரிவித்தபோது, நாங்கள் கற்றையைச் சரியாக நேர்ப்படுத்தவில்லை என்று விற்பனையாளர் எங்கள் மீதே பழி போட்டார்.

லேசரில்தான் உண்மையான ஆபத்து இருந்தது. மலிவான பச்சை லேசர்களில் பெரும்பாலானவை நேரடியாகப் பச்சை ஒளியை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் 808 நானோமீட்டர் டையோடு ஒரு படிகத்தைத் தூண்ட, அதிலிருந்து வரும் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி இரண்டாவது படிகத்தில் 532 நானோமீட்டர் பச்சையாகிறது. மிஞ்சும் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியை விலை குறைப்பதற்காக விட்டுவிட்டால், அது முழுவதும் பச்சையோடு சேர்ந்து வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாததால் இமை தானாக மூடாது. ஆனால் கண்வில்லை அதை விழித்திரையில் கூர்மையாகக் குவித்துவிடும்.

இந்தக் கசிவை ஒரு குறுந்தகடும் இணையக் கேமராவும் கொண்டு கண்டறியலாம் என்று அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் 2010இல் வெளியிட்ட குறிப்பு விளக்குகிறது. தொலைக்காட்சி ரிமோட்டின் முனை ஒளிர்வது கேமராவில் தெரிந்தால், அந்தக் கேமரா அகச்சிவப்பைக் காணும் என்று பொருள். துறையில் ஏற்கெனவே இருந்த தரமான கண்ணாடிகளை அணிந்துகொண்டு, லேசரைக் குறுந்தகட்டின் மீது பாய்ச்சித் தெறித்த ஒளியைத் தாளில் விழச் செய்தோம். குறுந்தகட்டின் நுண்வரிகள் ஒளியை அலைநீளத்திற்கேற்ப வெவ்வேறு கோணங்களில் பிரித்து, வரிசையான புள்ளிகளாக விழச் செய்யும். தாளில் வெறும் கண்ணுக்கு ஏதும் தெரியாத ஓரிடத்தில், முதல் பச்சைப் புள்ளிக்கும் இரண்டாவதற்கும் நடுவே, கேமராத் திரையில் வெளிறிய புள்ளி ஒன்று தெளிவாக நின்றது. 808 நானோமீட்டர் ஒளி விழ வேண்டிய இடம் அதுவேதான். 1064 நானோமீட்டர் ஒளி இரண்டாவது பச்சைப் புள்ளியின் மேலேயே விழும் என்பதால், அதை இம்முறையில் பிரித்துக் காண இயலாது.

தொகுப்பில் வந்த ஆரஞ்சு நிறக் கண்ணாடியை அதே கேமராவின் முன் வைத்தோம். பச்சைப் புள்ளிகள் அணைந்தன, அந்த வெளிறிய புள்ளி அணையவில்லை. தெரியும் ஒளியை மறைத்துத் தெரியாததை உள்ளே விடும் அக்கண்ணாடியை அணிந்த மாணவர், தாம் பாதுகாப்பாக இருப்பதாக நம்பிக் கற்றைக்கு அருகில் குனிவார். இதை அறிந்தும் ஒருவர் விற்கிறார் என்றால் அதை என்னால் மன்னிக்க இயலாது. அக்கண்ணாடியில் அலைநீள வரம்போ, ஒளியை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஒளியடர்த்தி எண்ணோ அச்சிடப்படவில்லை.

விற்பனையாளர் அனுப்பிய திறன் சான்றிதழையும் நம்ப இயலாது. வெப்ப வகை ஒளித்திறன்மானி எல்லா அலைநீளங்களையும் சேர்த்தே அளப்பதால், கசியும் அகச்சிவப்பும் அந்த 50 மில்லிவாட்டுக்குள் அடங்கிவிடும். அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டிக்குப் பின்னால் அளந்த அளவை எழுத்தில் கேளுங்கள். பச்சையே வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்கள், ஒற்றைப் பாங்கு (ஒரே சீரான கற்றை) கொண்ட 650 நானோமீட்டர் சிவப்பு டையோடை வாங்கினால் இந்தக் கசிவுச் சிக்கலே எழாது. அதற்கும் உரிய அலைநீளக் கண்ணாடி கட்டாயம் தேவை.

விளம்பரத்தில் கூறிய தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் கூறுகின்றன. அதைச் சுட்டிக்காட்டிய பிறகும் பதில் வராததால், வில்லையின் பொறிப்பு, கேமராப் படங்கள், விளம்பரத்தின் திரைப்பிடிப்பு ஆகியவற்றுடன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 வழியாகப் புகார் அளித்திருக்கிறோம். அதே தொகுப்பு, அதே ஆரஞ்சுக் கண்ணாடியுடன், இப்போது பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்கு ஏற்றது என்ற வாசகத்தோடு விற்பனையில் இருக்கிறது.