அவுட்பேக் போக வண்டி தயார் செய்பவர்களுக்கு: 5,340 டாலர் வாங்கிக்கொண்டு எங்களை நடுவழியில் நிற்க வைத்த கடை

5,340 டாலர். நாங்கள் கொடுத்த பணம் இவ்வளவு. இதற்கு ரசீது இருக்கிறது, படங்கள் இருக்கின்றன, கழற்றிய டயர்கள் என் வீட்டு கராஜில் கிடக்கின்றன. இன்று காலை அந்தக் கடையிலிருந்து கடைசிப் பதில் வந்தது. “பொருள் பொருத்திக் கொடுத்தாகிவிட்டது, இனி எங்களுக்குப் பொறுப்பில்லை” என்று இரண்டு வரி. படித்ததிலிருந்து வேறு எதுவும் ஓடவில்லை. அதனால்தான் இப்போதே உட்கார்ந்து எழுதுகிறேன்.

மெல்போர்னின் மேற்குப் பக்கம் இருக்கும் கடை. நால்சக்கர வண்டிகளுக்கு டயர், சஸ்பென்ஷன், இரண்டாவது பேட்டரி, இழுவைக் கொக்கி எல்லாம் பொருத்தித் தருகிறார்கள். பெயரை எழுத முடியாது, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். அவருக்கு ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கும் ஆளரவமில்லாத அவுட்பேக் பகுதியைக் காட்ட வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. குளிர்காலம்தான் அதற்குச் சரியான நேரம். அடிலெய்டு, போர்ட் அகஸ்டா வழியாக மரீ போய், அங்கிருந்து ஊட்னடாட்டா டிராக்கில் ஏறி, வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா தாண்டி மார்லாவில் தார்ச்சாலையைப் பிடிப்பது திட்டம். மரீயிலிருந்து மார்லா வரை ஏறத்தாழ 620 கிலோமீட்டர். அந்தக் காலத்து கான் ரயில் ஓடிய பாதையை ஒட்டியே போகும். அப்பா ரயில்வேயில் இருந்தவர், பழைய பாலங்களையும் பாழடைந்த ஸ்டேஷன்களையும் பார்க்கத் துடித்தார். ஆனால் அது முழுக்க மண்ணும் சரளையும். பெரும்பாலான இடத்தில் போன் எடுக்காது. அப்பாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறவர். மனைவி, எட்டு வயது மகள் எல்லாரும் கூட. அதனால்தான் செலவைப் பார்க்காமல் வண்டியை நன்றாகத் தயார் செய்துகொண்டு போக நினைத்தோம்.

கடை கவுண்டரில் இருந்தவர் நம்மவர், தமிழர். நான் பெயர் சொன்னதுமே தமிழில் பேச ஆரம்பித்துவிட்டார். “அப்பா, நீங்க உக்காருங்க” என்று அவரே நாற்காலி இழுத்துப் போட்டு, உள்ளே போய் டீ கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய போனில் பேர்ட்ஸ்வில் பக்கத்தில் இருக்கும் பிக் ரெட் மணல்மேட்டின் உச்சியில் அவர் வண்டி நிற்கும் படத்தைக் காட்டினார். “அண்ணா, நானே இந்த ரோடெல்லாம் போயிருக்கேன். குடும்பத்தோட போறீங்க, அப்பா வர்றாங்க, நம்ம வண்டி மாதிரி பாத்து அனுப்புறேன். டென்ஷனே ஆகாதீங்க” என்றார். அப்பாவின் இன்சுலின் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும் என்று நான் சொன்னபோது தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. எங்களுக்கு எது முக்கியம் என்று தெரிந்தே செய்திருக்கிறார்.

ரசீதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். எல்டி (லைட் டிரக்) ரக ஆல்-டெரெய்ன் டயர், புதியது, ஐந்து: 1,900 டாலர். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, சார்ஜர், பொருத்தும் கூலி: 2,050. தரச்சான்று பெற்ற இழுவைக் கொக்கி இரண்டு, ஸ்னாட்ச் ஸ்ட்ராப் (சிக்கிய வண்டியை இழுக்கும் பட்டை): 690. ‘அவுட்பேக் புறப்பாட்டுச் சோதனை’: 700. கூட்டினால் 5,340 டாலர். கூடவே ஒரு தாளும் கொடுத்தார்கள். சரளையில் டயர் காற்று 28 பிஎஸ்ஐ, வேகம் 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள் என்று அதில் அச்சடித்திருந்தது. அந்தத் தாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் செத்தது பேட்டரி. மரீயில் தங்கிய இரவு ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது, விடிவதற்குள் நின்றுவிட்டது. ஒரு சின்ன வண்டி ஃபிரிட்ஜை 100 ஆம்பியர்-மணி லித்தியம் ஒரு நாளுக்கு மேலேயே தாங்க வேண்டும். நாள் முழுக்க ஓட்டிச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி ஓர் இரவு தாங்கவில்லை. குளிர்காலமாக இருந்ததால் இன்சுலின் தப்பியது. அதே பேட்டரியோடு நவம்பர் வெயிலில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அடுத்து டயர். மரீயிலிருந்து கிளம்பி, ஏர் ஏரியின் தென்பகுதியை அப்பாவுக்குக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தோம். பின்பக்க டயரின் மேல்பட்டை உரிந்து வீல் ஆர்ச்சில் பட படவென்று அடித்தது. நிறுத்தி ஸ்டெப்னியை மாட்டினோம். சரி, கல் ஏதோ குத்தியிருக்கும் என்று மறுபடி கிளம்பினோம். கோவர்ட் ஸ்பிரிங்ஸ் வருவதற்குள் முன்பக்க டயர் பக்கவாட்டில் கிழிந்து, வண்டி ஓரத்து மென்மணலில் சறுக்கி இறங்கி நின்றது. கையில் வேறு டயர் இல்லை. சிக்னல் இல்லை. மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் கேன்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

வண்டிக்கு வண்டி பேசும் யுஎச்எஃப் ரேடியோவை வேறு இடத்தில் வாங்கியிருந்தேன், அது வேலை செய்தது. 40-ஆவது சேனலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் மாட்டுப் பண்ணைகளில் பல காலம் வேலை பார்த்த ஒரு பெரியவர் ஹைலக்ஸில் வந்து சேர்ந்தார். எங்கள் பிராடோவும் அவருடைய ஹைலக்ஸும் ஒரே ஆறு போல்ட் வீல், ஒரே டயர் அளவு. அவருடைய ஸ்டெப்னி எங்களுக்குப் பொருந்தியது. அந்த ஒரு பொருத்தம் இல்லையென்றால் என்ன செய்திருப்போம் என்று தெரியவில்லை.

ஆனால் முதலில் வண்டியை மணலிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். ஸ்ட்ராப்பை எடுத்துக் கொடுத்தேன். அவர் முன்பக்கம் குனிந்து, சிவப்பாக இருந்த அந்தக் கொக்கியைப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். சிவப்பு பெயின்ட் செதில் செதிலாக வந்தது. அடியில் கம்பெனி கருப்பு. அது இழுவைக் கொக்கியே இல்லை. கப்பலிலும் லாரியிலும் வண்டியை ஏற்றும்போது அசையாமல் கட்டிவைக்கக் கம்பெனியே வைக்கும் மெல்லிய வளையம். அதன்மேல் சிவப்பு அடித்து, ‘தரச்சான்று பெற்ற கொக்கி’ என்று பில் போட்டிருக்கிறார்கள்.

பெரியவர் ஸ்ட்ராப்பை மாட்ட மறுத்துவிட்டார். ஸ்னாட்ச் ஸ்ட்ராப் ரப்பர் மாதிரி நீண்டு விசையைச் சேர்த்துவைத்து இழுக்கும். அந்த இழுப்பில் வளையம் பிய்ந்தால் இரும்புத் துண்டு ஸ்ட்ராப்போடு பறந்து கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டையில் (டோ பால்) கட்டி இழுத்து, அது பிய்ந்து இந்த நாட்டில் ஆட்களே செத்திருக்கிறார்கள். ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தவள் என் மனைவி. அந்த மனிதர் நகத்தால் சுரண்டிப் பார்க்காமல் கொக்கியை மாட்டியிருந்தால்? இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. மண்வெட்டியால் தோண்டி, அவருடைய ஸ்டெப்னியை மாட்டி, எல்லா டயரிலும் காற்றைக் குறைத்து, அவரிடமிருந்த பிளாஸ்டிக் மீட்புப் பலகைகளைச் சக்கரத்தடியில் கொடுத்துத்தான் வெளியே வந்தோம்.

கழற்றிய டயரைத் திருப்பிப் போட்டுப் பார்த்தவரும் அவர்தான். எல்டி என்ற எழுத்தே அதில் இல்லை. கல்லையும் பாரத்தையும் தாங்கும்படி பக்கச்சுவரைத் தடியாகச் செய்வதுதான் எல்டி. அந்த அளவில் எல்டி டயரில் பாரக் குறியீடு 120/117 என்று இருக்கும். இதில் 112 என்று இருந்தது, அதாவது சாதாரணப் பயணிகள் வண்டி டயர். தரையில் படும் பக்கத்தின் முரட்டுப் பட்டன்களை மட்டும் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அப்புறம் தேதி. டயரின் பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். எங்களுடையதில் 2316. 2016-ஆம் வருடம் 23-ஆவது வாரம். தேதி போட்ட பக்கம் உள்ளே இருக்கும்படி ஐந்தையும் மாட்டியிருந்தார்கள். ஓடாமல் கிடங்கில் கிடந்தாலும் ரப்பர் வருடக்கணக்கில் இறுகி வெடிக்கும், சூடேறினால் மேல்பட்டை கழன்றுவிடும். அதைத்தான் ‘புதியது’ என்று 1,900 டாலருக்கு விற்றார்கள்.

அந்தப் பெரியவர் மரீ வரை எங்கள் பின்னாலேயே வந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். ஊட்னடாட்டாவும் இல்லை, அப்பா பார்க்க நினைத்த அல்ஜெபக்கினா ரயில் பாலமும் இல்லை. மரீயில் கிடைத்த டயரை மாட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பினோம். அப்பாவுக்கு ஊருக்கு டிக்கெட் போட்டாயிற்று. இன்னொரு முறை வருவாரா என்று தெரியாது.

திரும்பி வந்ததும் கடைக்குப் போன் செய்தேன். முதலில் எடுக்கவே இல்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் உடனே எடுத்தார். என் குரல் கேட்டதும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். அண்ணா போய், சார் ஆகிவிட்டேன். காற்று அழுத்தம் தப்பாக வைத்திருப்பீர்கள் என்றார். 28, உங்கள் தாளில் இருப்பதுதான் என்றேன். வேகமாகப் போயிருப்பீர்கள் என்றார். 80, அதுவும் உங்கள் தாளில் இருக்கிறது என்றேன். அப்படியானால் டயர் கம்பெனிக்கு எழுதுங்கள், வாரன்டி அவர்களுடையது என்றார். பேட்டரிக்கு? இறக்குமதி செய்தவரிடம் கேளுங்கள். கொக்கிக்கு? முதலாளி லீவில் இருக்கிறார்.

நேரில் போனேன். அதே நாற்காலி கவுண்டருக்கு முன்னால் கிடந்தது, உட்காரச் சொல்ல ஆளில்லை. பொருத்திய பொருளுக்குப் பணம் திரும்பத் தரமாட்டோம் என்று சுவரில் ஒட்டியிருந்ததை விரலால் காட்டினார். பெயின்ட் உரிந்த கொக்கியின் படத்தைக் காட்டியபோது மட்டும் முகம் மாறியது. உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, வேறு யாரிடமும் சொல்லாமல் இருந்தால் கடையில் பொருள் எடுக்க 400 டாலர் கிரெடிட் தருவதாகச் சொன்னார். 5,340 டாலருக்கு 400. அதுவும் அதே கடையில் அதே பொருள்களை வாங்க! என் மனைவி சாவுக்கு எவ்வளவு கிரெடிட் கொடுத்திருப்பீர்கள் என்று தமிழிலேயே கேட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பதில்தான் இன்று காலை வந்த இரண்டு வரி.

அந்தச் சுவரொட்டி இங்கே சட்டப்படி செல்லாது. ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி பெரிய குறை இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், பாதுகாப்பில்லாத பொருள் பெரிய குறைதான். அதனால் ஏற்பட்ட மற்ற நஷ்டத்தையும் கேட்கலாம். விக்டோரியா நுகர்வோர் அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டேன், அடுத்து தீர்ப்பாயம். கார்டில் கொடுத்த தொகைக்கு வங்கியிலும் மறுப்புப் போட்டிருக்கிறேன்.

வண்டி தயார் செய்வது பற்றி விரிவாக எழுத வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது அந்த மனநிலை இல்லை. அவசரமாகச் சிலது மட்டும்.

டயரை மாட்டும் முன் கடையில் நின்று நான்கு இலக்கத்தையும் எல்டி என்ற எழுத்தையும் நீங்களே பாருங்கள், ஐந்து டயரிலும், இரண்டு பக்கமும். கொக்கி என்று காசு வாங்கினால் அதில் தர எண் பொறித்திருக்கிறதா, சேசிஸில் போல்ட் போட்டிருக்கிறதா என்று கீழே படுத்துப் பாருங்கள், பெயின்ட்டைச் சுரண்டுங்கள். பேட்டரியில் வீட்டு வாசலிலேயே ஓர் இரவு ஃபிரிட்ஜை ஓட்டிப் பாருங்கள். ஸ்டெப்னி இரண்டு. அவசர பீக்கன் (ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவி) வாங்கினால் கடல் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்யுங்கள், இலவசம்தான். வண்டி நின்றால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். முக்கியமாக, ரசீதில் ‘பேக்கேஜ்’ என்று மொத்தமாகப் போட விடாதீர்கள், ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். என் கையில் இப்போது இருக்கும் ஒரே ஆயுதம் அந்த ரசீதுதான்.

இந்தக் குளிர்காலத்தில் ஊட்னடாட்டா, பேர்ட்ஸ்வில், சிம்ப்சன் பாலைவனப் பக்கம் கிளம்புகிறவர்கள் மெல்போர்ன் மேற்கில் அண்மையில் டயர் மாற்றியிருந்தால், இன்று ராத்திரியே டார்ச் எடுத்துக்கொண்டு போய் உள்பக்கம் பாருங்கள். 2316 இருந்தால் ரசீதோடு எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம்.