சி டிரைவைச் சுருக்குவதா, இன்னொரு எஸ்எஸ்டி போடுவதா?

விண்டோஸ் லேப்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் ஏற்ற இரண்டு வழி உண்டு. சி டிரைவைச் சுருக்கி அதே டிஸ்க்கில் இடம் பிடிக்கலாம். இல்லையென்றால் இரண்டாவதாக ஒரு எஸ்எஸ்டி டிஸ்க் மாட்டலாம். முதல் வழியில் ஒரு வருடம் ஓட்டிவிட்டு இரண்டாவதுக்கு மாறியவன் நான். என் தராசு சாய்ந்துதான் இருக்கும்.

சுருக்குவதற்குச் செலவில்லை. ஆனால் சி-யில் 150 ஜிபி காலியாக இருந்தும் 20 ஜிபிக்கு மேல் சுருக்க முடியாது என்றது விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட். பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல், ரீஸ்டோர் பாயின்ட் போன்ற நகராத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருந்தன. மூன்றையும் அணைத்து ரீஸ்டார்ட் செய்ததும் வழி விட்டது. (ஹைபர்னேஷனை அணைத்தபடியே விடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் கூடவே அணையும். அது இருந்தால் உபுண்டுவிலிருந்து சி-யில் எதையும் எழுத முடியாது.) டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால் அதன் 48 இலக்க ரெகவரி கீயைக் குறித்துவைக்காமல் எதையும் தொடாதீர்கள்.

இதெல்லாம் ஒரு மாலை வேலை. என்னை மாற வைத்தது அப்புறம் வந்த பராமரிப்பு. உபுண்டுவுக்கு நான் ஒதுக்கிய 40 ஜிபியை ஆறே மாதத்தில் டாக்கர் (புரோகிராம்களைத் தனித்தனிப் பொதிகளாக ஓட்டும் கருவி) விழுங்கிவிட்டது. சரி, சி-யில் இன்னும் கொஞ்சம் வெட்டலாம் என்று வெட்டினேன். கிடைத்த இடம் உபுண்டுவுக்கு இடப்பக்கம். வலப்பக்கம் காலியிடம் இருந்தால் உபுண்டு பார்ட்டிஷனின் (டிஸ்க்கில் அதற்கென்று பிரித்த பகுதியின்) முடிவைத் தள்ளினால் போதும்; இடப்பக்கம் என்றால் தொடக்கமே நகர வேண்டும், உள்ளே இருக்கும் மொத்த டேட்டாவும் இடம் மாற வேண்டும். லைவ் யுஎஸ்பியில் (யுஎஸ்பியிலிருந்தே ஓடும் உபுண்டுவில்) ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவி அதைச் செய்து முடிக்க மூன்று மணி நேரம். நடுவில் நின்றால் எல்லாம் போச்சு என்று சார்ஜரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

தனி எஸ்எஸ்டியில் இந்தப் பேச்சே இல்லை. முழு டிஸ்க்கும் உபுண்டுவுக்கு. விண்டோஸை அழித்து மறுபடி போட்டாலும் இந்தப் பக்கம் அசையாது. பொறி ஒன்றுதான்: உபுண்டுவை இரண்டாவது டிஸ்க்கில் போட்டாலும், பூட் கோப்புகளை (துவக்க உதவும் கோப்புகளை) விண்டோஸ் டிஸ்க்கில் அவற்றுக்கென்று இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இன்ஸ்டாலர் எழுதிவிடக்கூடும். பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றினால் உபுண்டுவும் எழாது. அதனால் இன்ஸ்டால் முடியும்வரை விண்டோஸ் எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்தேன். ஒரே ஒரு திருகுதான். இப்போது எது வேண்டுமோ அதை பூட் மெனுவில் தேர்ந்தெடுக்கிறேன்.

யுஎஸ்பியில் செருகும் எஸ்எஸ்டியை இரண்டு நாள்தான் ஓட்டிப் பார்த்தேன். ஓடியது, அதற்கு மேல் சொல்லும் அளவுக்கு அனுபவமில்லை. லேப்டாப்பில் ஒரே எஸ்எஸ்டி ஸ்லாட் என்றால் சுருக்கத்தான் வேண்டும். அப்போது முதல் தடவையே 100 ஜிபியாக வெட்டிக்கொள்ளுங்கள்.